கண்மாயில் கயாக்: மதுரைப் பக்கத்தில் படகும் தூண்டிலுமாக ஒரு வார இறுதி

மதுரை, சிவகங்கை மாவட்டங்களில் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றாமல் பெய்த ஆண்டுகளில், தை பிறக்கும்போது கண்மாய்கள் நிறைந்து நிற்கும். அந்த நீரில் ஒருவர் அமரும் சிறிய கயாக் படகை இறக்கி, சனிக்கிழமை மாலையும் ஞாயிற்றுக்கிழமை அதிகாலையும் தூண்டில் போட்டு, இடைப்பட்ட இரவைக் கரையோரத் தோப்பில் கூடாரம் அடித்துக் கழிப்பதற்குப் பெரிய செலவும் தேவையில்லை, நீண்ட பயணமும் தேவையில்லை. தேவைப்படுவது முன்னேற்பாடு. அந்த ஏற்பாட்டில் பாதிக்கு மேல், படகைத் தொடுவதற்கு முன்பே ஊருக்குள் போய்ப் பேசி முடிக்க வேண்டியதாக இருக்கிறது. ஆகவே அனுமதியிலிருந்தே தொடங்குகிறேன்.

கண்மாய் பொதுச்சொத்து, யாரும் இறங்கலாம் என்று நகரத்தில் வளர்ந்தவர்கள் நினைப்பதுண்டு. உண்மையில் அதன் நீர் ஆயக்கட்டு (அந்தக் கண்மாயால் பாசனம் பெறும் நிலம்) விவசாயிகளின் பாசனத்துக்கு உரியது. மீன், ஏலம் எடுத்த குத்தகைதாரருக்கு உரியது. கரையும், பாசன நீரைத் திறந்துவிடும் மடையும், உபரி நீர் வழியும் கலுங்கும், 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாயாக இருந்தால் நீர்வளத்துறையின் பொறுப்பிலும், அதற்குக் குறைந்ததாக இருந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பிலும் இருக்கும். குத்தகைதாரர் மீன்குஞ்சுகளை விலைக்கு வாங்கி விட்டு, மாதக்கணக்கில் காவல் காத்து, அறுவடைக்குக் காத்திருப்பவர். அவருக்குத் தெரியாமல் பிடிக்கும் ஒவ்வொரு கட்லா மீனும் அவர் வீட்டுப் பணம் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு பேச்சைத் தொடங்கினால் எதைக் கேட்க வேண்டும் என்பது தானாகவே விளங்கும். எத்தனை பேர் வருகிறோம், எத்தனை தூண்டில், எந்த மீனை எடுத்துக்கொள்ளலாம், எடுப்பதைக் கிலோவுக்கு என்ன விலையில் கணக்கிடுவது, நீருக்குள் வலை எங்கெங்கே கட்டியிருக்கிறது என்பவை அனைத்தையும் ஒரு வாரத்துக்கு முன்பே நேரில் போய்ப் பேசி முடித்துவிட வேண்டும். தொலைபேசியில் பேசுவது போதாது.

குத்தகைதாரரின் சம்மதத்தோடு ஊரின் சம்மதமும் வேண்டும். மேலூர்ப் பக்கத்தில் அம்பலகாரர் எனப்படும் ஊர்த்தலைவரிடமும், மற்ற ஊர்களில் ஊராட்சித் தலைவரிடமோ பெரியவர்களிடமோ சொல்ல வேண்டும். அவர்களுக்கு அடுத்தபடியாக, என் அனுபவத்தில் அவர்கள் எல்லோரையும்விடப் பயன்படும் தகவலைச் சொல்பவர், மடையைத் திறந்து மூடும் நீர்ப்பாய்ச்சி. எந்த இடத்தில் ஆழம், எந்த மடை அன்றைக்குத் திறந்திருக்கும், எங்கே சவுடு மண் அள்ளிய பள்ளம் நீருக்கடியில் மறைந்து கிடக்கிறது என்பதையெல்லாம் அவரிடம் ‘ஐயா’ என்று மரியாதையாகக் கேட்டுத் தெரிந்துகொண்டால், எந்த வரைபடத்திலும் கிடைக்காத விவரம் கைக்கு வரும். சில ஊர்களில் மீனை ஏலம் விடாமல், கோடையில் நீர் வற்றும்போது நடக்கும் மீன்பிடித் திருவிழாவுக்காகவே காத்து வைத்திருப்பார்கள். அன்றைக்குச் சுற்றுவட்டார மக்கள் எல்லோரும் ஊத்தா, கச்சா, பரி போன்ற மீன்பிடிக் கருவிகளும் வலையுமாக ஒன்றாக இறங்குவார்கள். அப்படிப்பட்ட கண்மாயில் அதற்கு முன்பு தூண்டில் போடக் கேட்பதே முறையாகாது. கரையில் அய்யனாரோ கருப்பசாமியோ இருந்தால், அந்த இடத்தின் கட்டுப்பாடு என்ன என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். செருப்பைக் கழற்றுவதோடு முடியும் கோயில்களும் உண்டு, எல்லைக்குள் அசைவம் சமைக்கக் கூடாது என்று சொல்லும் கோயில்களும் உண்டு.

போகக் கூடாத இடங்களையும் சொல்லிவிட வேண்டும். மதுரைக்காரர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது 1959இல் திறக்கப்பட்ட வைகை அணைதான். 71 அடி உயரத்துக்கு நீர் தேக்கும் அந்த நீர்த்தேக்கம் பார்க்க ஆசையைத் தூண்டினாலும், எழுத்து மூலமான அனுமதி இல்லாமல் அங்கே சொந்தப் படகை இறக்கவோ இரவு தங்கவோ நினைக்க வேண்டாம். அணைக்குக் கீழே ஆற்று மணலில் கூடாரம் அடிப்பது அதைவிட ஆபத்தானது. நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடப்பட்டு, உபரி நீர் திறக்கப்படும் ஆறு அது. சிவகங்கை மாவட்டத்தின் வேட்டங்குடிக் கண்மாய்கள் 1977இலிருந்து பறவைகள் சரணாலயம். அங்குள்ள ஊரார் பறவைகள் மிரளக் கூடாது என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிப்பதில்லை. அந்தப் பக்கம் படகைக் கொண்டுபோகாமல் இருப்பதே நாம் காட்டும் மரியாதை. 2022இல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்ட, மேலூர் அருகிலுள்ள அரிட்டாபட்டியும், வனத்துறை எல்லைக்குள் இருக்கும் எந்த நீர்நிலையும் இந்தப் பட்டியலில் சேரும். மேலூர், நத்தம், திருமங்கலம், மானாமதுரைப் பக்கங்களில் ஏலத்துக்கு விடப்படும் சாதாரண ஊர்க் கண்மாய், கரையை ஒட்டிப் பட்டா நிலத்தில் ஒரு தென்னந்தோப்பு அல்லது மாந்தோப்பு, தோப்புக்காரரின் சம்மதம் ஆகிய மூன்றும் அமைந்தால் அதுவே போதும்.

காலத்தைப் பொறுத்தவரை தை, மாசி மாதங்களை விட்டால் வேறு மாதத்தைப் புதியவர்களுக்குச் சொல்ல மாட்டேன். ஐப்பசி, கார்த்திகையில் வரத்துக் கால்வாயில் தண்ணீர் எந்த இரவில் பெருகும் என்று சொல்ல முடியாது. கலுங்கு மறுகால் பாயும் நாளில் அதன் பக்கம் படகில் போவது உயிரோடு விளையாடுவதாகும். சித்திரை, வைகாசியில் நீர் குறைந்திருக்கும். அதோடு பிற்பகலில் இடி மின்னலோடு கோடை மழை வரும். ஆனியிலிருந்து ஆவணி வரை மேற்கிலிருந்து ஓயாமல் வீசும் காற்று, திறந்த நீர்ப்பரப்பில் இலேசான படகை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டே இருக்கும். தை, மாசியிலும் பகல் ஏற ஏறக் காற்று எழும் என்பதால், துடுப்புப் போடும் நேரத்தை விடிந்ததிலிருந்து ஒன்பது மணி வரைக்கும், மாலை நான்கு மணிக்குப் பிறகு பொழுது சாய்வதற்கு அரை மணி நேரம் முன்பு வரைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் படகு கரையில் கவிழ்ந்தே கிடக்கட்டும்.

இனிப் படகு. கடினமான பிளாஸ்டிக்கில் செய்த, மேலே அமரும் வகைக் கயாக் உறுதியானது, கவிழ்ந்தாலும் உள்ளே நீர் நிறையாதது. ஆனால் பெரும்பாலும் இருபது கிலோவுக்கு மேல் எடை இருக்கும், கொண்டுபோகக் குட்டி யானை வண்டி பேச வேண்டிவரும். காற்றடிக்கும் வகை பைக்குள் அடங்கிவிடும், காரின் பின்னால் போட்டுக்கொண்டு போகலாம். ஆனால் நம் கண்மாய்களின் உள்வாய், அதாவது கரைக்கு எதிரே நீர் வந்து சேரும் பகுதி, முழுவதும் கருவேல மரமும் சீமைக் கருவேலமுமாக நிற்பதை மறந்துவிட்டு மலிவான மெல்லிய படகை வாங்கினால் முதல் முள்ளிலேயே பயணம் முடிந்துவிடும். தடித்த துணி உறை போட்ட, மூன்று தனித்தனிக் காற்றறைகள் உள்ள படகைத் தேர்ந்தெடுங்கள். ஒரு அறை பழுதானாலும் மற்ற இரண்டும் கரை சேர்க்கும். ஒட்டும் துணியும் பசையும் காற்றுப் பம்பும் கூடவே இருக்கட்டும். காற்றடித்த படகை நண்பகல் வெயிலில் கரையில் போட்டு வைத்தால் உள்ளே காற்று விரிந்து தையல் விட்டுவிடும் என்பதால், நிழலில் போடுங்கள், அல்லது கொஞ்சம் காற்றை இறக்கி வையுங்கள்.

லைஃப் ஜாக்கெட் பற்றி விட்டுக்கொடுக்கவே முடியாது. நீச்சல் தெரிந்தவரும் அதை அணிந்து, வாரை இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் படகில் உட்கார வேண்டும். படகுக்குள் பக்கத்தில் கிடக்கும் ஜாக்கெட் யாரையும் காப்பாற்றாது. கண்மாயில் நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள் மூழ்குவதற்குக் காரணம் பெரும்பாலும் ஆழமாக இருப்பதில்லை. காலில் சுற்றும் பாசிக்கொடி, இடுப்பளவு நீரில் திடீரென்று வரும் மண் அள்ளிய பள்ளம், சேற்றில் புதையும் கால் ஆகியவைதான் இழுத்துவிடுகின்றன. ஜாக்கெட்டின் மார்புப் பட்டையில் ஒரு ஊதுகுழலும் மடக்குக் கத்தியும் கட்டாயம் இருக்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு வலையில் துடுப்போ காலோ சிக்கினால் கத்தி ஒன்றே வழி. கைப்பேசியை நீர் புகாத உறையில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்ளுங்கள். கரையில் ஒருவரிடம் எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று சொல்லிவிட்டே நீரில் இறங்க வேண்டும்.

கண்மாயின் அமைப்பைப் புரிந்துகொண்டவருக்குப் பாதி ஆபத்து குறைந்துவிடும். ஆழம் எப்போதும் கரையை ஒட்டி, மடைகளின் முன்னால் அதிகம். கரைக்கு எதிர்ப்புறம், வரத்துக் கால்வாய்கள் வந்து சேரும் உள்வாய்ப் பகுதி மெல்ல மெல்லச் சரிந்து மேடாகும். ஆகவே படகை இறக்குவதற்கும் கற்றுக்கொள்வதற்கும் உள்வாய்ப் பக்கமே ஏற்றது. திறந்திருக்கும் மடைக்கு அருகில் போகவே கூடாது. மேலே நீர் அசையாமல் இருப்பது போலத் தெரிந்தாலும் அடியில் தூம்பு எனும் நீர் வெளியேறும் குழாய்க்குள் இழுக்கும் விசை கடுமையாக இருக்கும், அங்கே நீரில் விழுந்தவரை மேலே நின்று தூக்குவது அரிது. ஆகாயத் தாமரை மூடிய பகுதிக்குள் துடுப்பை நுழைப்பதும் வீண். படகு நின்றுவிடும், திருப்பவும் முடியாது. மின்கம்பிகள் தாழ்வாகத் தொங்கும் இடங்களைக் கரையிலிருந்தே கண்ணால் குறித்துக்கொள்ளுங்கள். இப்போது கடைகளில் கிடைக்கும் கார்பன் தூண்டில் கம்புகள் மின்சாரம் கடத்துபவை.

படகைக் கரைக்கு இணையாக, முழங்காலளவு நீரில் நிறுத்தி, முதலில் உட்காரும் இடத்தில் இடுப்பை வைத்து அமர்ந்து, பிறகு கால்களை உள்ளே எடுத்துக்கொள்ள வேண்டும். நின்றபடி ஒரு காலை உள்ளே வைத்தால் கவிழ்வது உறுதி. துடுப்பைத் தோள் அகலத்துக்குச் சற்றே கூடுதலாகப் பிடித்து, கைகளால் மட்டும் இழுக்காமல் இடுப்பைத் திருப்பி இழுத்தால் ஒரு மணி நேரம் போட்டாலும் தோள் வலிக்காது. புறப்படும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், களைப்போடு திரும்பும்போது காற்றே தள்ளிக்கொண்டு வரும்; இதை மாற்றிச் செய்பவர்கள்தான் மறுகரையில் மாட்டிக்கொள்கிறார்கள்.

கவிழ்ந்து ஏறப் பழகுவதற்கு முதல் நாள் மாலையில் ஒரு மணி நேரத்தை ஒதுக்குங்கள். தூண்டிலையும் பைகளையும் கரையில் வைத்துவிட்டு, மார்பளவு நீரில் வேண்டுமென்றே படகைக் கவிழ்த்து, ஒரு கையால் படகையும் மறு கையால் துடுப்பையும் விடாமல் பிடித்து, படகை நிமிர்த்தி, அதன் நடுப்பகுதியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு கால்களைப் பின்னால் நீர்மட்டத்துக்கு உதைத்து எழுப்பி, வயிறு படகின் குறுக்கே வரும்படி இழுத்து ஏறி, புரண்டு உட்கார வேண்டும். பழகாதவருக்கு முதலில் வராது. திரும்பத் திரும்பச் செய்தால் வந்துவிடும். இதைச் செய்ய முடியாதவர் ஆழமான பகுதிக்குப் போக வேண்டாம் என்றே கண்டிப்பாகச் சொல்வேன். எப்போது கவிழ்ந்தாலும் படகை விட்டுவிட்டுக் கரையை நோக்கி நீந்தக் கூடாது, மிதக்கும் படகுதான் மற்றவர் கண்ணுக்குத் தெரியும். இடிச்சத்தம் முதல் முறை கேட்டதுமே கரையேறிவிட வேண்டும், கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் கழியும்வரை திரும்ப இறங்கக் கூடாது.

தூண்டிலுக்கு வருவோம். கண்மாயில் குத்தகைதாரர் விட்டு வளர்ப்பவை பெரும்பாலும் கட்லா, ரோகு, மிருகால் ஆகிய மூன்றும்தான். கட்லாவின் வாய் மேல்நோக்கி இருக்கும், அது மேல்மட்டத்தில் மேயும், ரோகு நடுமட்டத்தில், மிருகால் வாய் கீழ்நோக்கியது, சேற்றை ஒட்டியே திரியும். ஆகவே தக்கையிலிருந்து தூண்டில் முள் (கொக்கி) வரையுள்ள நரம்பின் நீளம்தான் எந்த மீன் கடிக்கும் என்பதைத் தீர்மானிக்கிறது. மைதாவோடு கடலைப் பிண்ணாக்கையும் தவிட்டையும் சேர்த்துப் பிசைந்த உருண்டைக்கு இவை வரும். ஜிலேபியும் கெண்டையும் கெளுத்தியும் குத்தகைதாரர் விடாமலேயே பெருகுபவை, மண்புழுவுக்கு எளிதாக மாட்டும். பல இடங்களில் ‘ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் பிடித்துக்கொள்ளுங்கள்’ என்று அவர்களே சொல்வார்கள், ஏனென்றால் அது பல்கிப் பெருகி மற்ற மீன்களின் தீனியைத் தின்றுவிடும். கயாக்கில் முதல் முறை போகிறவர் ஜிலேபியை மட்டும் குறிவைப்பதே நல்லது. 0.25 மில்லிமீட்டர் நரம்பு, சிறிய முள், ஒரு ஈயக்குண்டு, தக்கை, கை நீளத்துக்குச் சற்றே கூடுதலான கம்பு ஆகியவை போதும். ஐந்து கிலோ கட்லா மாட்டினால் இலேசான படகை அது இழுத்துக்கொண்டு போகும் என்பதை மறக்க வேண்டாம்.

விரால் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கோரையும் அல்லியும் மண்டிய ஓரங்களில் இருந்து, மூச்சு வாங்க அடிக்கடி மேலே வந்து போகும் மீன் அது. ரப்பர் தவளையை இலைகளின் மேல் இழுத்தால் பாய்ந்து கவ்வும். ஆனால் செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக நீர்மட்டத்தில் கொதிப்பது போலத் தெரிந்தால் அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன என்று பொருள். அந்த நேரத்தில் கிட்டே வரும் எதையும் அவை தாக்கும், ஆகவே பிடிப்பதும் எளிது. பிடித்துவிட்டால் அந்தக் குஞ்சுகள் சிறிது நேரத்திலேயே மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அங்கிருந்து துடுப்பைத் திருப்பிக்கொண்டு போய்விடுங்கள்.

படகில் அமர்ந்து வீசும்போது நேர் பின்னாலோ பக்கவாட்டிலோ சாயாமல், முன்பக்கமாக, இடது வலது நாற்பத்தைந்து பாகைக்குள் வீசுங்கள். தலை படகின் நடுக்கோட்டைத் தாண்டாதவரை படகு கவிழாது. ஓரிடத்தில் நிற்க ஒன்றரைக் கிலோ கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கலாம், ஆனால் கயிற்றைப் படகின் முனையில் கட்டுங்கள், பக்கத்தில் ஒருபோதும் கட்டாதீர்கள். காற்று திரும்பினால் பக்கத்துக் கயிறு படகைப் புரட்டிவிடும். மாட்டிய மீனைக் கை வலையால் அள்ளி எடுங்கள். கெளுத்தியின் பக்க முள் குத்தினால் கடுப்பு தாங்க முடியாது, பொறுக்கக்கூடிய அளவுக்குச் சூடான நீரில் அந்த இடத்தை வைத்திருந்தால் வலி குறையும்.

கூடாரத்தைக் கரையின் மேல் அடிக்கக் கூடாது. கரையில் முளை அடிப்பதும் பள்ளம் தோண்டுவதும் நாளைக்கு உடைப்பெடுக்க வழி செய்வதாகும், எந்த ஊரும் அதைப் பொறுக்காது. தோப்பிலும் தென்னை மரத்துக்கு நேர் கீழே வேண்டாம், மட்டையும் காயும் விழும். புற்றும் கல் குவியலும் இல்லாத, சருகு பெருக்கிய, ஓடைப் பாதையில் அமையாத மேட்டு நிலத்தைப் பாருங்கள். இந்தப் பக்கத்தில் நாகமும் கண்ணாடி விரியனும் கட்டு விரியனும் உண்டு. கட்டு விரியன் இரவில், தரையில் தூங்குபவரைக் கடிப்பது, கடித்த தடமோ வலியோ பெரிதாகத் தெரியாமலே போவது என்பதால், கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடாமல் யாரும் படுக்கக் கூடாது. இரவில் வெளியே வந்தால் டார்ச்சும் செருப்பும் வேண்டும். காலையில் செருப்பை உதறிப் போடுங்கள். கடித்துவிட்டால் கட்டுப் போடுவதும் கீறுவதும் வேண்டாம், 108ஐ அழைத்து, கடிபட்டவரை நடக்க விடாமல் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். விஷமுறிவு மருந்து உள்ள அருகிலிருக்கும் அரசு மருத்துவமனை எது, அங்கே போக எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் புறப்படும் முன்பே விசாரித்து வைத்துக்கொள்ள வேண்டும். கண்மாய் நீரைக் குடிக்காதீர்கள். ஒருவருக்கு ஒரு நாளைக்கு ஐந்து லிட்டர் வீதம் குடிநீர் எடுத்துச் செல்லுங்கள். காலில் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றக்கூடும் என்பதால், நீர் புகாதபடி மூடிக்கொண்டோ, இறங்காமலோ இருப்பது நல்லது.

சமையலுக்குச் சிறிய எரிவாயு அடுப்பு போதும். விறகு மூட்டுவதாக இருந்தால் தோப்புக்காரர் காட்டிய இடத்தில் மட்டும் மூட்டி, நீர் ஊற்றி முழுவதும் அணைத்த பின்பே படுக்க வேண்டும். கண்மாய் மீனில் வரும் சேற்று வாடைக்குக் கல்லுப்பும் மஞ்சளும் போட்டு உரசி, புளித்தண்ணீரில் அலசுவது நல்ல தீர்வு. விரால் வழுக்கும், சாம்பல் தொட்டுப் பிடித்தால்தான் தோலுரிக்க முடியும். மதுரைக்குப் பேர்போன அயிரைக் குழம்பு வைக்கலாம் என்று ஆசைப்பட்டால், அது தூண்டிலில் மாட்டும் மீன் இல்லை. வலைக்காரரிடம் உயிரோடு வாங்கி, தேங்காய்ப்பாலில் விட்டு மண்ணைக் கக்க வைத்துச் சமைக்க வேண்டும். குழம்புக்கு அரைத்த மசாலாவை வீட்டிலிருந்தே கொண்டுபோவது எனக்குச் சரியாகப் படுகிறது. காற்றில் அடுப்பை மறைத்துக்கொண்டு வெங்காயம் வதக்குவதற்குள் பொழுது போய்விடும். மீனைக் கழுவிய நீரையும் குடலையும் கண்மாயில் கொட்டாமல், நாய் தோண்டாத ஆழத்தில் தோப்புக்குள் புதையுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் படகைக் கரையேற்றிவிடுங்கள். பிடித்த மீனைக் குத்தகைதாரர் முன்னால் எடை போட்டு, பேசிய தொகையைக் கொடுத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அடுத்த முறை அவரே எந்த மூலையில் மீன் நிற்கிறது என்று சொல்வார். அறுந்த நரம்புத் துண்டு ஒன்றுகூடக் கரையில் கிடக்கக் கூடாது, கொக்கும் நாரையும் காலில் சுற்றிக்கொண்டு சாகின்றன. புறப்படும் முன் படகின் அடியையும் துடுப்பையும் கயிற்றையும் பார்த்து, ஒட்டியிருக்கும் ஆகாயத் தாமரைத் துணுக்குகளையும் பாசியையும் அங்கேயே உதறி எடுத்துவிடுங்கள். அதன் ஒரு துண்டு போதும், அடுத்த கண்மாயை மூடிவிடும். வீட்டுக்கு வந்ததும் படகை நல்ல நீரில் கழுவி, நிழலில் ஒரு நாள் விரித்துப் போட்டு, மடிப்புகளில் ஈரம் இல்லை என்று தொட்டுப் பார்த்த பிறகு சுருட்டி வையுங்கள்.